ஜாசினிலிருந்து ஜாசினுக்கு

என் தோழி முடிவெடுப்பாள். எடுத்த முடிவை உடனே வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுவாள். ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்பாள். அவளோடு சேர்ந்து மூன்று நாள் குன்றுப் பக்கமாக நடந்து சுற்றிவரத் திட்டம் போட்டபோது எனக்கு இது தெரிந்தே இருந்தது. தெரிந்தும் போட்டேன்.

நாங்கள் இருவரும் மலாக்கா மாநிலத்தில், மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் கிறிஸ்தவப் பெண், நான் இந்து. ஆனால் அடி வாங்குவதில் எங்களுக்குள் வேறுபாடு இருந்ததில்லை. அந்தக் காலத்தில் அவள் இப்படி இல்லை. சனிக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் புகுந்து அடுத்த தோட்டத்து மேட்டில் ஏறியவள். அன்று மாலை அவள் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். மறுநாள் பள்ளியில் கையில் தடிப்போடு வந்து உட்கார்ந்து, அடுத்த வாரம் எந்தப் பக்கம் போகலாம் என்று என்னைக் கேட்டாள். நான் அந்தப் பெண்ணோடு சிநேகமானேன். இப்போது மெர்லிமாவில் மகன் வீட்டில் இருக்கும் பெண்மணியோடு சிநேகத்தைத் தொடர்கிறேன். இருவரும் ஒரே ஆள் என்று நம்புவது சில நாட்களில் சிரமமாக இருக்கிறது.

அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு மகன் பிறந்தான், புருஷன் சில வருஷங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, பாச்சாங்கில் என் சின்ன வீட்டில் இருக்கிறேன். அலுவலகத்தில் இத்தனை காலம் நான் பார்த்ததெல்லாம், மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை நேராகக் கேட்கத் தெரியாமல் படும் பாடுதான். அதனால் எனக்குப் பொறுமை குறைவு. இதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை.

பேச்சு தொடங்கியது பாச்சாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில். சாப்பாடு வரவில்லை. மேடையில் யாரோ ஒரு பிரமுகர் மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாகச் சொல்லி வாழ்த்திக்கொண்டிருந்தார். வட்ட மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், கடலையைக் கொறித்துக்கொண்டே திடீரென்று சொன்னாள்.

"எங்கியாச்சும் போவணும்டி. காரு, பஸ்சு ஒண்ணும் வேணாம். நடந்தே போவணும்."

எங்கே என்று கேட்டேன்.

"எங்கியோ. ஆனா போன வழியிலயே திரும்பி வரக்கூடாது. சுத்திட்டு வரணும்."

அவள் குரலில் பழைய ஆள் இருந்தாள். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

அந்த வாரமே வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்தேன். ஜாசினில் காரை நிறுத்திவிட்டுச் செலாண்டார் பக்கம் ஏறி, நியாலாஸ் வழியாக ஆசகானுக்குப் போய், அங்கிருந்து சிம்பாங் பெக்கோ வழியாக மறுபடி ஜாசினுக்கே இறங்கும் ஒரு வட்டம். லேடாங் மலை உச்சிக்குப் போகவில்லை. அதற்கு வழிகாட்டியும் அனுமதியும் வேண்டும். அதன் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு, இந்தப் பக்கத்துச் சின்னக் குன்றுகளின் ஓரமாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதையும் கம்போங் என்னும் மலாய்க் கிராமத்துச் சாலையுமாக நடப்பது. இரண்டு இரவு, வழியில் ஹோம்ஸ்டே. ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டுபோய் முழு வழியையும் பார்த்துவிட்டும் வந்தேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்கள் இருவர், நல்ல செருப்பும் குடையும் இருந்தால், தாராளமாக நடக்கக்கூடிய பாதை.

ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவுக்குப் போய் அவள் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். நியாலாஸுக்கு அப்பால் ஒரு குன்றில் விரலை வைத்து, இதைச் சுற்றிக்கொண்டு போவதற்குப் பதில் ஏறி இறங்கினால் என்ன என்று கேட்டாள். நான் அதையும் சேர்த்துக் கோடு போட்டேன். தேதியும் ஏறக்குறைய முடிவாயிற்று. வறுத்த நூடுல்ஸான மீகோரெங்கை இரண்டு தட்டுத் தின்று முடித்து நான் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மகன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்."

மகனுக்கு ஆயர் கெரோவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. கடைக்குப் போனால் கடை வாசலிலேயே கார் நிறுத்த இடம் கிடைக்கும் வரை மூன்று சுற்றுச் சுற்றுவான். எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுச் சாலையைக் கடந்து வர அவனால் முடியாது. அப்படிப்பட்டவன் சோபாவில் சாய்ந்தபடி என்னிடம் நடப்பதைப் பற்றிப் பேசினான்.

"இந்த வயசுல எதுக்கு ஆன்ட்டி ரிஸ்க்கு? நடக்கணும்னா வீட்டச் சுத்தி தாமான்லயே நடக்கலாம்லா. பிளே கிரௌண்டு இருக்கு, லைட்டு இருக்கு."

பதிலை அவன் அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டிக்கப்படுகிற குழந்தையின் முகம் அவளுக்கு வந்திருந்தது. ஆனால் அதில் வருத்தம் இல்லை. அப்போது அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. கடைசியில் அவன் பெரிய மனது பண்ணி, கைப்பேசியில் நாங்கள் இருக்குமிடம் எப்போதும் தெரிய வேண்டும், துணைக்கு இன்னோர் ஆள் கூடவே போக வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தான்.

மருமகள் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள். "போறது நல்லதுதான் ஆன்ட்டி. அந்த மூணு நாளு பாலர்பள்ளியிலேர்ந்து பிள்ளைய யாரு எடுக்கிறது? அத மட்டும் சொல்லுங்க." அந்த வீட்டில் நேர்மையான ஆட்சேபம் அது ஒன்றுதான். அதற்கு வழியும் அவளே கண்டாள். தன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள், விஷயம் முடிந்தது. என் தோழிக்கு இது பிடித்திருக்க வேண்டும். ஆனால் பிரச்சினை இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததில் அவள் முகம் வாடியது போலத்தான் இருந்தது.

அடுத்து பங்குச் சாமியாரைக் கேட்டாள். பூசை முடிந்து வாசலில் நின்றவரிடம் இதைச் சொல்ல, அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே, வெறும் நடையாகப் போகாமல் ஒவ்வொரு நாளையும் ஒரு கருத்துக்கு ஒப்புக்கொடுத்து நடந்தால் புண்ணியம் என்றாராம். அவ்வளவுதான். முதல் நாள் புருஷன் ஆத்துமாவுக்கு, இரண்டாம் நாள் மகனின் பதவி உயர்வுக்கு, மூன்றாம் நாள் அக்காளின் சர்க்கரை குறைவதற்கு என்று பிரித்துக்கொண்டாள். நான் எதற்காக நடப்பது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ சும்மா நட" என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வழிப்பயணத்துக்கு ஜெபமாலை ஒரு சுமையில்லை. பிறகுதான் அவள் அத்தானைக் கேட்கப் போனாள்.

அத்தான் என்பது அவளுடைய அக்காள் புருஷன். ஏதோ ஓர் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், புக்கிட் பெருவாங்கில் இருக்கிறார். இளவயதில் அலுவலக நண்பர்களோடு ஒரு தடவை லேடாங் ஏறியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் எங்கும் ஏறியதில்லை. ஆனால் அவர் ஏறிய லேடாங் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் உயர்ந்தது. நான் முதன்முதலில் கேட்டபோது அவர்கள் போனது வழிகாட்டியோடு. இந்தத் தடவை அவரே வழிகாட்டி. மகன் கேட்ட துணையாள் தான்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டதால், எங்களைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். கூட்டம் என்றுதான் சொன்னார். கைப்பேசியில் வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்றும் தொடங்கி, அதற்கு ஒரு மலைப் படத்தையும் போட்டிருந்தார். அந்த மலை எந்த நாட்டில் இருக்கிறதோ, மேலெல்லாம் பனி.

புக்கிட் பெருவாங் வீட்டு முன்னறையில் என் வரைபடத்தைவிடப் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார். கையில் சிவப்பு மார்க்கர். எங்களுக்கு ஆளுக்கு ஒரு விசில் வாங்கி வைத்திருந்தார். அவருக்கு மட்டும் மலையேறும் கைத்தடி இரண்டு, புதுசு, விலைச்சீட்டு பிய்த்த பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி, அதாவது என் தோழியின் அக்காள், பப்பாளியை வெட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் பேசவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தவர்களின் மௌனம் அது.

அத்தான் முதலில் ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றிப் பேசினார். பிறகு பாம்பு. பிறகு, ஜொகூர் எல்லையில் யாரோ யானையைப் பார்த்ததாக யாரோ சொன்னது. அதற்குப் பிறகு இரவு தங்குவதற்கு வந்தார்.

"லேடீஸ் ரெண்டு பேரு தெரியாத கம்போங்ல படுக்கிறதெல்லாம் சரிப்படாதும்மா. நான் வேன் ஏற்பாடு பண்றேன். சாயங்காலம் வந்து ஏத்திக்கும். வீட்ல படுத்துட்டு, காலையில அதே எடத்துல எறக்கி விட்டுரும்."

நான் என் தோழியைப் பார்த்தேன். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மும்முரமாக, வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை போல.

அதற்குப் பின் வந்த வாரங்களில் எங்கள் நடை தேய்ந்தது. அவள் விரல் வைத்த குன்று அட்டையால் போயிற்று. நியாலாஸ் யானையால் போயிற்று. வெயில் ஏறிவிடும் என்பதால் காலை ஒன்பது மணிக்கு மேல் நடை வேண்டாம் என்றானது. மகனுக்கு ஒரு நாளும் அத்தானுக்கு ஒரு நாளும் ஒத்துவராததால் மூன்று நாள் ஒரு சனிக்கிழமையாயிற்று. மறுபக்கம் ஆட்கள் கூடினார்கள். அத்தானின் மகள் குடும்பம், அந்த மருமகனின் தம்பி, தேவாலயத்திலிருந்து ஓர் ஆன்ட்டி. வேன் போதுமா என்ற விவாதம் குழுவில் இரண்டு நாள் ஓடியது. நடக்க யாருக்குக் கால் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் எனக்கு வாய் அடங்கவில்லை. "இவ்ளோ கஷ்டம் எதுக்குண்ணே? வேன்லயே உக்காந்து ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துரலாமே" என்றேன்.

குத்தலாகத்தான் சொன்னேன். குத்தல் தைக்க அங்கே இடமே இருக்கவில்லை. அவர் மார்க்கரை மூடிவைத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க."

இப்படியாக நாங்கள் ஆசகான் அருவிக்குப் பிக்னிக் போனோம்.

நான் ஏன் போனேன் என்று கேட்கலாம். கடைசி நிமிஷத்திலாவது அவள் வேனிலிருந்து இறங்கி, வாடி நடப்போம் என்று சொல்வாள் என்ற ஒரு நப்பாசை. அவள் சொல்லவில்லை. நீல நிறத்தில் புது டிராக் சூட் போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ஆசகானில் இறங்கியதும் அத்தான் எங்களையெல்லாம் நிற்க வைத்து, தண்ணீரில் இறங்குவோர் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகளை எடுத்துச் சொன்னார். நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் முழங்கால் வரைக்கும் வராது. இரண்டு கைத்தடியையும் ஊன்றி, வேனிலிருந்து கூடாரம் வரை நடந்தார். போய் உட்கார்ந்ததும் ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். மருமகனின் தம்பி அதைப் படம் பிடித்தான்.

சாப்பாடு நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கோழிப் பிரட்டலும் நெய்ச்சோறும் என் தோழி விடியற்காலையில் எழுந்து செய்தது. எல்லாரும் தின்றுவிட்டுச் சாய்ந்த பிறகு நான் தனியாகப் பாறையில் போய் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோவமா என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய் என்றாள்.

"ஒனக்கு மொதல்லேர்ந்தே வர்ற எண்ணம் இல்ல, அப்டித்தான?" என்று கேட்டேன்.

அவள் டிராக் சூட்டின் ஓரம் நனையாமல் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"இருந்துச்சி. மண்டபத்துல இருந்துச்சி. மேப்ப விரிச்சப்போ ரொம்ப இருந்துச்சி. அப்புறம் அவன் வேணாம்னான். அத்தான் மீட்டிங்கு போட்டாரு. எம் புருஷன் செத்தப்புறம் வீட்ல என்னப் பத்தி யாரும் இவ்ளோ பேசுனதில்லடி. சாப்டியா, மருந்து எடுத்தியா, அதோட சரி. இப்பத்தான் என்னய வச்சி எல்லாரும் சண்ட போட்டாங்க. எனக்கு நல்லா இருந்துச்சி."

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. ஒரு வியாதியின் பெயரைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுக்கு என் நடைதான் கெடச்சிச்சா ஒனக்கு?" என்றேன்.

"ஒன்னய போவ வேணாம்னு சொல்ல யாரும் இல்ல. ஒனக்கு அது எப்டி வெளங்கும்?"

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை. எழுந்துபோய் வேனில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அவள் மேல் எனக்கு இருந்தது கோபமில்லை. கோபம் கொஞ்சம் மரியாதை உள்ள விஷயம். இது ஏளனம். பெல்ட் தடிப்போடு வந்து அடுத்த மேட்டைக் கேட்டவள், இப்போது யாராவது தடுக்க மாட்டார்களா என்று ஏங்கித் திரிகிறாள். தடுத்தால் குளிர்ந்துபோகிறாள். வேனில் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டே ஜாசினைக் கடந்தேன்.

மறு மாதம் நான் தனியாகக் கிளம்பினேன். அவளிடம் சொல்லவில்லை. ஏதாவது ஆனால் தேட ஓர் ஆள் வேண்டுமே என்று, மருமகளுக்கு மட்டும் வழியைக் கைப்பேசியில் அனுப்பினேன். அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "சரி ஆன்ட்டி. டெய்லி சாயங்காலம் ஒரு மெசேஜ் போடுங்க" என்று மட்டும் எழுதினாள்.

ஜாசின் கடைவரிசைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு விடியும்போது நடக்கத் தொடங்கினேன். அந்த நடையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உரசிக்கொண்டு போயின. நாய்கள் குரைத்தன. இந்த மாநிலத்தில் நடப்பவர்கள் மேல் எல்லாருக்கும் ஓர் இரக்கம் இருக்கிறது. மோட்டாரில் போகிறவன் ஒவ்வொருவனும் நிறுத்தி, ஏறுங்கள் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றால், வண்டி ரிப்பேரா, காசு இல்லையா என்று அடுத்த கேள்வி. செலாண்டார் தாண்டி ஒரு தோட்டத்துக் கோயிலில் தண்ணீர் குடிக்க ஒதுங்கினேன். கூட்டிக்கொண்டிருந்த பெண், நான் நேர்த்திக்கடனுக்கு நடக்கிறேன் என்று நினைத்து, சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, எந்தச் சாமிக்கு என்று பயபக்தியோடு கேட்டார். சும்மா நடக்கிறேன் அக்கா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மாவா?"

அந்த ஒரு சொல்லில் இருந்த அலட்சியத்தை என் வாழ்நாளில் நான்கூட யார் மேலும் காட்டியதில்லை. சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஹோம்ஸ்டே நடத்தும் மக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மா, தனியாக வந்ததற்குப் புருஷன் கோபித்துக்கொள்ளவில்லையா என்று மலாயில் கேட்டார். புருஷன் இல்லை என்றதும், ஐயோ பாவம், எப்போது இறந்தார் என்றார். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. ரொம்ப நாளாயிற்று என்று சொல்லிவைத்தேன். கூடுதலாக ஒரு மீன் துண்டு கிடைத்தது. படுக்கப் போகும் நேரத்தில் தோழி கூப்பிட்டாள். மருமகள் சொல்லியிருப்பாள். நான் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் அவள் விரல் வைத்த குன்றுக்குப் போனேன். ஏறுவது கடினமாக இல்லை. மேலே நின்று பார்த்தால் செம்பனை, செம்பனைக்கு அப்பால் செம்பனை, தூரத்தில் மேகம் மூடிய லேடாங். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதையைவிட்டு ஒதுங்கி நடந்ததில் வழி தப்பினேன். செம்பனைக் காட்டில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. நடந்து நடந்து, நான் ஏற்கெனவே பார்த்த அதே காய்ந்த மட்டைக் குவியலுக்கு மறுபடி வந்து சேர்ந்தேன். அத்தான் சொன்ன பாம்பும் யானையும் வரவில்லை. அவர் சொல்லாத பயம் வந்தது. அந்த மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து, மழையில் நனைந்தபடி, சத்தமாக அழுதேன். விசிலை வீட்டில் வைத்துவிட்டு வந்ததற்காக என்னை நானே திட்டினேன். அத்தான் கொடுத்த அந்த விசிலைப் பற்றி நான் ஒரு தடவையாவது மரியாதையோடு நினைத்தேன் என்றால் அது அப்போதுதான்.

மழை விட்ட பிறகு எங்கோ ஒரு லோரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கமாகவே நடந்து மண்சாலையில் ஏறினேன். ஆசகானுக்குப் போய்ச் சேரும்போது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. மருமகளுக்கு, வந்து சேர்ந்தேன் என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் நாள் நொண்டி நொண்டி நடந்தேன். சிம்பாங் பெக்கோவில் ஒரு கடையில் ரொட்டி சானாய் தின்று பாலில்லாத தே ஓ இரண்டு கிளாஸ் குடித்தேன். அதற்கப்புறம் எழுந்திருக்கவே மனமில்லை. எழுந்தேன். பிற்பகலில் ஜாசின் வந்தது. காரின் கண்ணாடி முழுக்கப் பறவை எச்சம். துடைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பாச்சாங் வந்து, குளித்து, தூங்கிப்போனேன்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. அத்தான் குழுவில், நமது திட்டத்தின்படி மூன்று நாள் நடைப்பயணம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று எழுதி, கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார். இருபது பேர் அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். மகன் கட்டைவிரல் உயர்த்தியிருந்தான். நான் குழுவிலிருந்து வெளியேறினேன். அவரைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. திருத்தினால் திருந்தக்கூடியவர்களோடுதான் நான் வாதாடுவது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மெர்லிமாவுக்குப் போனேன். போகாமல் இருக்கலாம் என்று யோசித்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறெங்கே போவது? என் தோழி கதவைத் திறந்ததும் முதலில் என் காலைத்தான் பார்த்தாள். உட்கார வைத்தாள். வழியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். முதல் நாள் ராத்திரி நீ போனை எடுக்கவே இல்லை என்றாள், குறையாக இல்லை, தகவலாக. பிறகு, முதல்லேர்ந்து சொல்லு, ஒண்ணையும் விடாதே என்றாள். அருவியில் பேசியதைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நான் சொல்லத் தொடங்கினேன். ஜாசின் கடைவரிசை, லோரிகள், மோட்டார்க்காரர்கள். கோயில் பெண்ணின் "சும்மாவா" என்பதற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மக்சிக்கின் மீன் துண்டு வரைக்கும் கண் கொட்டாமல் கேட்டாள். அதற்குப் பிறகு தலை சாய்ந்தது. குன்றில் நான் ஏறத் தொடங்கியபோது அவள் தூங்கிவிட்டாள். வாய் திறந்து, கண்ணாடி மூக்கில் சரிந்து, கையிலிருந்த விசிறி மடியில் விழுந்து கிடந்தது. அவள் விரல் வைத்த குன்று அது. அதற்காகவாவது விழித்திருந்திருக்கலாம்.

நான் பேச்சை நிறுத்தினேன். எதிரே தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளும் மடிப்பதை நிறுத்தினாள். மகனின் சட்டை ஒன்று பாதி மடித்தபடி அவள் மடியில் இருந்தது. அதுவரை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதையே நான் கவனிக்கவில்லை.

"அப்புறம் மழ வந்துச்சின்னீங்களே மெசேஜ்ல. எங்க ஒதுங்குனீங்க ஆன்ட்டி?"

மெசேஜில் நான் மழையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அவள் ஊகித்திருக்கிறாள், அல்லது இங்கேயும் அன்று மழை பெய்திருக்கும். மாமியாரின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கும் ஒதுங்கவில்லை என்றேன். வழி தப்பியதையும், மட்டைக் குவியலையும், உட்கார்ந்து அழுததையும் அவளிடம் சொன்னேன்.